வலையோடு சேர்த்து ரேஷன் கார்டையும் பழுது பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எங்கே பார்த்தாலும் படகைக் கரையேற்றி மராமத்து, இன்ஜின் வேலை, கிழிந்த வலையைப் பின்னுவது என்று நடக்கும். வரும்படி நின்றுபோன அந்த இரண்டு மாதமும் அடுப்பில் உலை கொதிப்பது பெரும்பாலும் ரேஷன் அரிசியில்தான். தங்கல் போகிற, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற ஆண்கள் வீட்டில் இருப்பதும் அந்த இரண்டு மாதம்தான். கயிறு இழுத்துத் தேய்ந்த விரலில் தோல் ஆறி ரேகை மீண்டு வருவதும் அப்போதுதான். அதனால் ரேஷன் கார்டில் என்ன கோளாறு இருந்தாலும் அதைச் சரிசெய்யத் தோதான காலம் தடைக்காலம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அரிசி வாங்கப் போய் மிஷின் மறுத்த பிறகு அலுவலகத்துக்கு ஓடுவதைவிட, கையில் நாள் இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் கார்டைக் கையில் எடுங்கள். 2017-இல் வந்த ஸ்மார்ட் கார்டுதான் எல்லோரிடமும் இருக்கிறது. முன்பக்கத்தில் படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமை அட்டை. அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா. முன்னால் என் சேர்ந்து என்.பி.எச்.எச். என்றிருந்தால் முன்னுரிமை இல்லாத அரிசி அட்டை. அதன் பின்னால் எஸ் இருந்தால் சர்க்கரை அட்டை, என்.சி. இருந்தால் எந்தப் பொருளும் கிடைக்காத, முகவரிக்கு மட்டும் உதவும் அட்டை. பல ஆண்டுகளாகக் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் தங்கள் குறியீடு என்னவென்று தெரிவதில்லை. "அரிசி கார்டுதான்" என்பார்கள். அரிசி கார்டில் மூன்று வகை உண்டு. எத்தனை கிலோ வரும் என்பது அந்த வகையைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசு கிடையாது. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2016 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு மட்டும் ஆளுக்கு 5 கிலோ என்றது. மற்றவர்களையும் கைவிடாமல் எல்லா அரிசி அட்டைக்கும் மாநில அரசு தொடர்ந்து கொடுக்கிறது. கணக்கு இப்படி வரும். என்.பி.எச்.எச். அட்டையில் பெரியவர் ஒருவர் மட்டும் என்றால் 12 கிலோ, இருவர் என்றால் 16, மூன்று பேரும் அதற்கு மேலும் என்றால் 20. எட்டுப் பேர் இருந்தாலும் 20தான். முன்னுரிமை அட்டைக்கு இந்த அளவு குறையாது. ஆளுக்கு 5 கிலோ என்ற கணக்கு அதைத் தாண்டினால் தாண்டியதைக் கொடுக்க வேண்டும். ஆறு பேருக்கு 30 கிலோ, ஏழு பேருக்கு 35. அந்த்யோதயா அட்டைக்கு ஒருவர் இருந்தாலும் பத்துப் பேர் இருந்தாலும் 35 கிலோ. ஆக, ஆறு பேர் கொண்ட வீட்டில் குறியீட்டின் முன்னால் அந்த ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் மாதம் 10 கிலோ அரிசி குறைகிறது. தனியாக வாழும் விதவைக்கு 12-க்கும் 35-க்கும் உள்ள தூரம்.

சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ, அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ. கிலோ 25 ரூபாய், அந்த்யோதயா அட்டைக்கு மட்டும் 13.50. துவரம்பருப்பு 1 கிலோ 30 ரூபாய். பாமாயில் 1 லிட்டர் பாக்கெட் 25 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மொத்தம் 105 ரூபாய், அந்த்யோதயா என்றால் 82. இதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் எதற்கு என்று கேளுங்கள். உப்பு, டீத்தூள், சோப்பு வாங்கினால்தான் அரிசி என்று யாராவது சொன்னால் அது விதி அல்ல. அந்தப் பொருள்கள் விருப்பம் இருந்தால் வாங்குவதற்கு மட்டுமே.

குறியீட்டை மாற்ற முடியுமா? முடியும். ஆனால் யார் மனு கொடுத்தால் நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். முன்னுரிமை அட்டைக்குத் தகுதி இல்லாதவர்கள் யார் என்று 2017-இல் மாநில அரசு வரையறுத்தது. வருமான வரியோ தொழில் வரியோ கட்டுபவர் உள்ள வீடு, அரசு ஊழியர் வீடு, 5 ஏக்கருக்கு மேல் நிலம், சொந்த உபயோகத்துக்கு நாலு சக்கர வண்டி, ஏ.சி., மூன்றோ அதற்கு மேலோ அறை உள்ள கான்கிரீட் வீடு, ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்தப் பட்டியல் வந்தபோது ரேஷன் அரிசியே நின்றுவிடும் என்று கடற்கரை ஊர்களில் பீதி பரவியது. முன்னுரிமை அட்டைக்கு மட்டுமே அந்த வரையறை. மற்ற அரிசி அட்டைக்கு அல்ல.

அந்த்யோதயாவில் முதலிடம் யாருக்கு என்றால், நிலையான ஆதரவு இல்லாத விதவை, 60 வயது கடந்தவர், மாற்றுத்திறனாளி, தீராத நோயாளி ஆகியோர் தலைமையில் இருக்கும் குடும்பங்கள். கடலில் கணவனை இழந்து கருவாடு காயப்போட்டோ, கடல்பாசி எடுத்தோ பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். அவர்களில் பலரது அட்டை கணவன் காலத்தில் போட்ட அதே என்.பி.எச்.எச். குறியீட்டில் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலை இரண்டு. முதலாவது, இறப்புச் சான்றைக் கொடுத்துக் கணவர் பெயரை நீக்கிக் குடும்பத் தலைவராகத் தன் பெயரைப் போட வேண்டும். இரண்டாவது, விதவைச் சான்று, வருமானச் சான்று, ஆதார் நகல் வைத்து வட்ட வழங்கல் அலுவலருக்கு வகை மாற்றம் கோரி எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்தை இ-சேவை மையத்தில் முடித்துவிடலாம். வகை மாற்றத்துக்கு நேரில் விசாரணை உண்டு. விசாரணைக்கு வரும் நாளில் வீடு பூட்டிக் கிடந்தால் தள்ளுபடி ஆகும். பாசிக்கோ கூலிக்கோ போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்.

இனி விரலுக்கு வருகிறேன். இந்தக் கரையில் ரேஷன் தடைபடுவதற்கு முதல் காரணம் கைரேகை. 2020 அக்டோபரில் கடைகளில் ரேகை வைக்கும் முறை வந்தது முதல் இந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

"ரேகை விழ மாட்டேங்குதுக்கா. வீட்ல வேற ஆள் இருந்தா வரச் சொல்லுங்க."

"அவுக தங்கல் போயிருக்காக தம்பி. வர ரெண்டு நாளாகும்."

மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்ணின் கையை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். பாறையிலும் பவளத்திட்டிலும் ஒட்டியிருக்கும் பாசியை நீருக்குள் மூழ்கிப் பிடுங்க வேண்டும். விரலுக்கு துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். ஈரத்தில் துணி நழுவும், பாறை சிராய்க்கும். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் முதலில் தேயும், ஏனென்றால் கிள்ளிப் பறிப்பது அந்த இரண்டால்தான். மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறிய விரல் நுனி சுருங்கி வரிவரியாகக் கிடக்கும். மிஷின் அந்தச் சுருக்கத்தையும் ரேகை என்று எடுத்துக்கொண்டு, ஆதாரில் உள்ள ரேகையோடு ஒப்பிட்டுப் பொருந்தவில்லை என்கிறது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு வேறு கோளாறு. உப்புநீர் பட்டுப்பட்டுத் தோல் வறண்டு வெடித்து, ரேகைக்குக் குறுக்கே கோடு விழுந்திருக்கும். சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் பனையேறிகளுக்குக் கையில் காய்ப்பு. உழைத்து உழைத்து அழிந்த ரேகையைக் காரணம் காட்டி அந்த உழைப்பாளியின் அரிசியை நிறுத்துவதை நான் எந்த வகையிலும் ஏற்க மாட்டேன். அரசும் ஏற்கவில்லை. ரேகை விழாத காரணத்தால் யாரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் கடைகளுக்கு உள்ள உத்தரவு.

செய்து பார்க்க வேண்டியவை இவை. கடலில் இறங்கிய அன்று கடைக்குப் போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீர் படாமல் இருந்த பிறகு போங்கள். முந்தின இரவு விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள், வெடிப்பு மென்மையாகும். காலையில் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். எண்ணெயோடு வைத்தால் கண்ணாடியில் அப்பிக்கொண்டு ரேகை மசங்கலாக விழும். மிஷினின் கண்ணாடியையும் காய்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள், முந்தின ஆளின் வியர்வை அதில் இருக்கும். விரல் நுனியை ஊன்றாமல், நகத்துக்கு அடியில் உள்ள சதைப்பகுதி முழுதும் படியும்படி தட்டையாக வையுங்கள். அழுத்தி நசுக்கினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். கட்டை விரல் விழவில்லை என்றால் அதையே பத்துத் தடவை வைப்பதில் பலன் இல்லை. இடது கை மோதிர விரல், சுண்டு விரல் என்று குறைவாக உழைத்த விரல்களை முயலுங்கள். ஆதாரில் பத்து விரலும் பதிந்திருக்கிறது, எதையும் வைக்கலாம்.

எதுவும் விழவில்லையா? கருவிழிக் கருவி உள்ள கடைகளில் அதைக் கேளுங்கள். கண்புரை அறுவை செய்தவர்களுக்கும் பெரும்பாலும் கருவிழி பொருந்தும். கருவி இல்லாவிட்டால், பதிவு செய்த கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரவழைத்துக் கொடுக்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் கார்டை ஸ்கேன் செய்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். டவர் கிடைக்காத ஊர்களில் இந்தக் கடைசி வழி ரொம்ப அவசியம்.

மிஷின் திரையில் எண் ஏதாவது வந்தால் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதார் சரிபார்ப்பில் 300 என்றால் ரேகை பொருந்தவில்லை என்று பொருள். கழுவித் துடைத்து வேறு விரல் வைக்கலாம். 330 என்றால் உங்கள் ஆதாரில் ரேகை பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் திறக்க வேண்டும், எத்தனை விரல் வைத்தாலும் ஆகாது. 811 என்றால் ஆதாரில் ரேகையே பதிவில் இல்லை. 997 என்றால் ஆதார் முடக்கத்தில் இருக்கிறது. பின் மூன்றும் ஆதார் சம்பந்தப்பட்ட கோளாறுகள், ரேஷன் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. ஆதார் உதவி எண் 1947-இல் கேட்டுவிட்டு ஆதார் மையத்துக்குப் போங்கள்.

ஆதாரில் ரேகையைப் புதுப்பிப்பதற்கும் நேரம் காலம் உண்டு. வேலை மும்முரத்தில் தேய்ந்த விரலோடு போய்ப் புதுப்பித்தால் தேய்ந்த ரேகைதான் பதியும். மேல்தோல் முழுக்கப் புதிதாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். தடைக்காலம் தொடங்கிய ஒரு மாதம் கழித்து, மே நடுவில் போனால் விரல் தெளிவாக இருக்கும். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ரேகை புதுப்பிப்பது கட்டாயம். 5 வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் ரேகையே இருக்காது. கோடை விடுமுறையில் அதையும் முடித்துவிடலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மாதாமாதம் பொருள் வாங்குவதற்கு அட்டையில் உள்ள யாராவது ஒருவர் ரேகை வைத்தால் போதும். இ-கே.ஒய்.சி. என்பது வேறு. முன்னுரிமை, அந்த்யோதயா அட்டைகளில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் தாங்களே வந்து ஒரு முறை ரேகையோ கருவிழியோ வைத்து உயிரோடு இருப்பதை உறுதி செய்வது அது. அம்மா வைத்ததால் மகனுக்கு முடிந்துவிடாது. முடிக்காதவர் பெயர் பின்னால் சிக்கலாகும். கடையில் "எங்க கார்டுல யாருக்கெல்லாம் பாக்கி இருக்கு" என்று கேட்டால் மிஷினில் பார்த்துச் சொல்வார்கள். கேரளத்திலும் மங்களூரிலும் படகில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதற்காகச் செலவு செய்து ஊருக்கு வர வேண்டியதில்லை. இருக்கிற ஊரில் உள்ள ரேஷன் கடையிலேயே ஆதார் எண் சொல்லி ரேகை வைக்கலாம். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் விடுமுறையில் வரும்போது மறக்காமல் முடித்துவிட்டுப் போக வேண்டும்.

அதே பிள்ளைகள் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் வெளி மாநிலத்தில் அரிசி வாங்கவும் முடியும். மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். முன்னுரிமை, அந்த்யோதயா அட்டைக்கு மட்டும்தான் அது. மத்திய ஒதுக்கீட்டுத் தானியம் மட்டுமே கிடைக்கும், நம் ஊர்ப் பருப்பும் பாமாயிலும் அங்கே கிடைக்காது. மகன் அங்கே வாங்கியது வீட்டுக் கணக்கில் கழியும். இது தெரியாமல் வீட்டுப் பெண்கள் இங்கே கடைக்காரர் அரிசியைக் குறைத்துவிட்டதாகச் சண்டைக்குப் போகிறார்கள். இன்னொன்று: 2025-இல் மத்திய அரசு திருத்திய ஆணையின்படி, தொடர்ந்து ஆறு மாதம் எதுவும் வாங்காத அட்டை தற்காலிகமாக முடக்கப்பட்டு விசாரணைக்குப் போகலாம். குடும்பத்தோடு வெளியூரில் இருப்பவர்கள் இடையில் ஒரு முறையாவது எங்காவது வாங்கிவிடுவது நல்லது. தமிழ்நாட்டுக்குள் என்றால் எந்தக் கடையிலும் வாங்கலாம். மாதக் கடைசியில் போனால் அங்கே இருப்பு இல்லை என்பார்கள், முதல் பத்து நாளுக்குள் போங்கள்.

தடைக்கால நிவாரணத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அந்தத் தொகை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. அது குடும்பத்துக்கு ஒரு தொகை. எது ஒரு குடும்பம் என்று பார்ப்பது குடும்ப அட்டையை வைத்து. கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த இரண்டு அண்ணன் தம்பிகள் அப்பா கார்டிலேயே இருந்தால் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே 8,000. அரிசியும் அப்படித்தான். என்.பி.எச்.எச். அட்டையில் எட்டுப் பேர் இருந்தால் 20 கிலோ, 1 கிலோ பருப்பு, 1 லிட்டர் எண்ணெய். முறையாகப் பிரித்தால் ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனி.

புது அட்டை கேட்டுப் போடும் மனுக்கள் தள்ளுபடி ஆவதற்கு இந்தப் பக்கம் வழக்கமாக நான்கு காரணங்கள். பழைய அட்டையில் பெயரை நீக்காமலே புதிதாக விண்ணப்பிப்பது முதலாவது. ஆதார் எண் ஏற்கெனவே ஓர் அட்டையில் இருந்தால் கணினி ஏற்காது. கணவன் தன் அப்பா அட்டையிலிருந்தும், மனைவி தன் பிறந்த வீட்டு அட்டையிலிருந்தும் நீக்கி இருக்க வேண்டும். மனைவி ஊர் தூத்துக்குடியாகவோ நாகப்பட்டினமாகவோ இருந்தால் அந்த வீட்டார்தான் நீக்க வேண்டும், அதற்கே மாதக் கணக்கில் இழுக்கும். கல்யாணமான கையோடு அதைச் செய்துவிடுங்கள். இரண்டாவது காரணம், தனிச் சமையல் இல்லாதது. விசாரணைக்கு வருகிறவர் அடுப்படியைத்தான் முதலில் பார்ப்பார். ஒரே வீட்டில் தடுத்துக் குடியிருந்தாலும் அடுப்பும் பாத்திரமும் தனியாக இருக்க வேண்டும். தனி கேஸ் இணைப்பு இருந்தால் சுலபம். மூன்றாவது, முகவரிச் சான்று. புறம்போக்கில், கதவு எண் இல்லாத குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாடு. வீட்டு வரி ரசீது, மின்கட்டண ரசீது, கேஸ் புத்தகம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வாக்காளர் அட்டை இவற்றில் எது கையில் இருந்தாலும் அதில் உள்ள முகவரியையே எழுத்துக்கு எழுத்து விண்ணப்பத்தில் போடுங்கள். நான்காவது, பெயர் எழுத்து. ஒன்றில் அந்தோணி, மற்றொன்றில் ஆண்டனி. ஒன்றில் முகமது, மற்றொன்றில் முஹம்மது. இன்ஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். ஆதாரை எப்படி வைத்திருக்கிறீர்களோ அதுபோலவே மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடையில் பொருள் வாங்கும்போது பார்க்க வேண்டியது எடையும் பில்லும். தராசு தட்டில் ஒன்றும் இல்லாதபோது பூஜ்ஜியம் காட்ட வேண்டும். நீங்கள் கொண்டுபோகும் பையை முதலில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டு அரிசியைப் போடச் சொல்லலாம். தராசையும் மிஷினையும் இணைத்த கடைகளில் எடை சரியாக வந்தால்தான் பில் போகும், அதனால் வரிசை மெதுவாக நகரும். அதற்காக விற்பனையாளரைத் திட்டுவது நியாயமில்லை, அந்தத் தாமதம் நம் அரிசிக்காகத்தான். சந்தேகம் வந்தால் மீன் நிறுக்கும் தராசு இல்லாத ஊர் இந்தக் கரையில் கிடையாது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு முறை தொங்கவிட்டுப் பாருங்கள்.

பில் போட்டதும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பொருள் அதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பருப்பு வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு பில்லில் பருப்பும் சேர்ந்திருந்தால் அந்தப் பருப்பு போனது போனதுதான். தவறான பில் என்றால், பதிவு செய்த எண்ணிலிருந்து ஆங்கில எழுத்தில் பிடிஎஸ் என்று அடித்து, இடம் விட்டு 107 என்று போட்டு 97739 04050 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். 107-க்குப் பதில் 101 போட்டால் கடையில் என்ன இருப்பு இருக்கிறது என்றும், 102 போட்டால் கடை திறந்திருக்கிறதா என்றும் பதில் வரும். வாரத்தில் சில நாள் மட்டும் திறக்கும் பகுதி நேரக் கடைக்கு வெயிலில் நடந்து போகிற ஊர்களில் இந்த 102 நடையை மிச்சப்படுத்தும். இதெல்லாம் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டவர்களுக்கு வேலை செய்யாது. எண்ணை மாற்றிவிட்டால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் புது எண்ணைப் பதிந்துவிடுங்கள்.

பருப்பும் பாமாயிலும் மாதக் கடைசிவரை வராமல் போவது உண்டு. 2024 மே மாதம் அப்படி ஆனபோது, விடுபட்டதை ஜூனில் வாங்கிக்கொள்ள அரசு அனுமதித்தது. எப்போதும் அப்படி விடுவார்கள் என்று இருக்க வேண்டாம். இருப்பு வந்த அன்றே போவதுதான் உத்தமம்.

அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களை நம்பி அரிசியைக் கோழிக்குப் போட வேண்டாம். படத்தில் இருப்பது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவில் அச்சிட்ட மணிகளை, நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்த அரிசி அது. நிறம் சற்று வேறாக இருக்கும், சிலது தண்ணீரில் மிதக்கும். பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறோம். நான்கைந்து முறை தேய்த்துக் கழுவாமல் ஓரிரு முறை அலசினால் போதும். வடித்த கஞ்சியையும் குடித்துவிடுங்கள். தலசீமியா, அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டு, கட்டி, பூசண வாடை உள்ள அரிசி வேறு விஷயம். அதை வாங்காமல் வேறு மூட்டை பிரிக்கச் சொல்லலாம்.

கடைக்கு நடக்க முடியாதவர்களுக்கு இரண்டு வழி. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் மட்டும் இருந்து கடைக்குப் போக வேறு பெரியவர் இல்லாத வீடுகளுக்குப் பொருள் வாசலுக்கே வரும். 70 வயதுக்கு மேற்பட்டோர் என்று ஆரம்பித்தார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். அந்த வகையில் வராதவர்கள், தங்களுக்குப் பதிலாக இன்னார் வாங்கலாம் என்று அங்கீகாரப் படிவம் கொடுத்து வைக்கலாம். படிவம் கடையிலேயே கிடைக்கும்.

இலங்கைச் சிறையில் மீனவர்கள் இருக்கும் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பெயர் அட்டையில் இருப்பதால் வீட்டில் மற்றவர்கள் பொருள் வாங்கத் தடை ஏதும் இல்லை, மனைவியோ பிள்ளையோ ரேகை வைத்தால் போதும். அவருக்கு மட்டும் இ-கே.ஒய்.சி. பாக்கி நிற்கும். அதற்காகப் பெயர் நீங்கிவிடக் கூடாது. கைது விவரத்தோடு மீன்வளத்துறையில் எழுத்தில் ஒரு சான்று வாங்கி, வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுவோடு கொடுத்து வையுங்கள். சிறையில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு தரும் தினசரி உதவித்தொகைக்கும் மீன்வளத்துறையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

மனு கொடுக்க: கடையில் தீராதது வட்ட வழங்கல் அலுவலரிடம் போகும். ராமேஸ்வரம், ராமநாதபுரம், கீழக்கரை, கடலாடி, திருவாடானை என்று கரையோர ஊர்கள் வெவ்வேறு வட்டத்தில் இருப்பதால் உங்கள் வட்டம் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வட்டந்தோறும் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் சேர்ப்பு, நீக்கம், கைபேசி எண் மாற்றம் போன்றவை அங்கேயே முடியும். எந்த ஊரில் முகாம் என்பதை முந்தின வாரம் அறிவிப்பார்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். வீட்டிலிருந்தே புகார் சொல்ல 1967 அல்லது 1800 425 5901.

மனுவில் கதை எழுத வேண்டாம். அட்டை எண், கடை எண், எந்தத் தேதியில் எந்தப் பொருள் மறுக்கப்பட்டது, என்ன காரணம் சொன்னார்கள், என்ன செய்து தர வேண்டும் ஆகிய ஐந்தும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். ரேகை விழாதது என்றால் திரையில் வந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கொடுத்ததும் ரசீது கேட்டு வாங்குங்கள். இரண்டாம் முறை போகும்போது அந்த ரசீது எண்ணைச் சொன்னால்தான் பழைய மனுவை எடுப்பார்கள். ஈரக்கையில் நனைந்து கிழிந்துபோகும் முன் அதைக் கைபேசியில் படம் பிடித்து, கார்டின் இரண்டு பக்கப் படத்தோடு சேர்த்து வீட்டில் இன்னொருவர் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள்.